வாசகர் கேள்வி – பதில்: கடல் கடந்த வழக்கேடுகளைத் தேடுவது எப்படி?

கேள்வி: எனது மகளுக்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் கேட்டி என்னும் இடத்தில் வேலை பார்க்கும் ஒருவரைப் பேசி வந்திருக்கிறார்கள். சாதகம் பொருந்தியிருக்கிறது. ஆனால் மாப்பிள்ளை மீது முன்னர் ஏதோ பொலிஸ் வழக்கு இருந்ததாக அங்குள்ள உறவினர் ஒருவர் காதோடு காதாகச் சொன்னார். அமெரிக்காவில் கவுண்டி நீதிமன்றப் பதிவுகளை எவரும் பார்க்கலாம் என்கிறார்களே, இங்கிருந்துகொண்டு நான் பார்க்க முடியுமா? அது சட்டப்படி சரிதானா?
— ஒரு தந்தை, உப்புவெளி

பதில்: பார்க்க முடியும், அதில் சட்டப்பிழை ஏதுமில்லை. அமெரிக்காவில் வயது வந்தோருக்கு எதிரான குற்றவியல் வழக்குகளின் பதிவேடுகள், நீதிமன்றக் கட்டளையால் மூடப்பட்டவை நீங்கலாக, பொது ஆவணங்களாகவே கருதப்படுகின்றன. அவற்றைப் பார்ப்பதற்கு அந்நாட்டுப் பிரசையாக இருக்க வேண்டியதில்லை. எதற்காகப் பார்க்கிறீர்கள் என்று காரணம் காட்ட வேண்டியதுமில்லை. சிக்கல் எங்கே வருகிறதென்றால், நாடு முழுவதற்குமான வழக்குகளை ஒரே இடத்தில் பெயரைக் கொடுத்துத் தேடும் பொதுப் பதிவேடு அங்கு கிடையாது என்பதில்தான். குற்றங்களிற் பெரும்பாலானவை மாநிலச் சட்டத்தின்கீழ் வருகின்றன. அவை நிகழ்ந்த கவுண்டியின், அதாவது மாநிலத்துக்குள் அடங்கிய நிருவாகப் பிரிவின், நீதிமன்றத்திலேயே வழக்குத் தாக்கலாகிறது. ஏடும் அங்கேயே தங்கிவிடுகிறது. டெக்சாஸில் மாத்திரம் 254 கவுண்டிகள் இருக்கின்றன. ஆகவே, பெயரைத் தட்டுவதற்கு முன்னர், எந்தக் கவுண்டியில் தட்டுவது என்பதைத் தீர்மானிக்க வேண்டும்.

நீங்கள் குறிப்பிடும் கேட்டி நகரமே இதற்கு நல்ல உதாரணம். அந்நகரம் ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என்னும் மூன்று கவுண்டிகளின் எல்லைக்குள் பரந்து கிடக்கிறது. அஞ்சல் முகவரியில் ‘கேட்டி, டெக்சாஸ்’ என்றிருப்பதைக் கொண்டு கவுண்டியைச் சொல்லிவிட முடியாது. வீட்டு முகவரி முழுமையாகக் கிடைத்தால் வரைபடத்தில் பார்த்துக் கவுண்டியை அறியலாம். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. வழக்கு ஒருவர் வசிக்கும் கவுண்டியைப் பின்தொடர்வதில்லை. குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் கவுண்டியைப் பின்தொடர்கிறது. மாப்பிள்ளை படித்த பல்கலைக்கழகம் வேறு மாநிலத்தில் இருந்திருக்கலாம். முதல் வேலை இன்னோர் ஊரில் இருந்திருக்கலாம். அவர் வாழ்ந்த ஊர்களையும் ஆண்டுகளையும் முதலில் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு, ஒவ்வோர் ஊருக்கும் கவுண்டியைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியே தேட வேண்டும்.

அடுத்தது, கவுண்டிக்குள் எந்த அலுவலகம் என்பது. டெக்சாஸில் ஃபெலனி எனப்படும் பாரதூரமான குற்றங்கள் டிஸ்ட்ரிக்ட் நீதிமன்றத்துக்குச் செல்கின்றன. அவற்றின் ஏடுகளை டிஸ்ட்ரிக்ட் கிளார்க் எனப்படும் பதிவாளர் வைத்திருப்பார். மிஸ்டிமீனர் எனப்படும் சிறிய குற்றங்களில் ‘ஏ’, ‘பி’ வகுப்புகள் கவுண்டி நீதிமன்றத்தில் விசாரிக்கப்படுகின்றன; அவற்றின் ஏடுகள் பொதுவாகக் கவுண்டி கிளார்க்கிடம் இருக்கும். ஹாரிஸ் கவுண்டியிலோ இவ்விரு வகையும் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கின் பொறுப்பிலேயே உள்ளன. ஆகக் குறைந்த ‘சி’ வகுப்பு, அதாவது 500 டொலர் வரையான தண்டப்பணம் மட்டும் விதிக்கக்கூடிய குற்றங்கள், நகர நீதிமன்றங்களிலும் சமாதான நீதவான் நீதிமன்றங்களிலும் தீர்ந்துபோகின்றன. ‘சிறிய குற்றம்’ என்ற சொல் உங்களை ஏமாற்றாதிருக்கட்டும்: ‘ஏ’ வகுப்பு மிஸ்டிமீனருக்கு ஓராண்டு வரை சிறை விதிக்கலாம். குடும்பத்தவரை அடித்துக் காயப்படுத்தியதாக முதன்முறை தொடுக்கப்படும் வழக்குகள் பெரும்பாலும் இந்த வகுப்பிலேதான் வரும். ஒரு பெண்ணின் தகப்பனார் ஃபெலனியை மட்டும் தேடிவிட்டு நிம்மதியடைவது, தேட வேண்டியதைத் தேடாமல் விட்டதாகிவிடும்.

இனிப் பெயர். நம்மவர்களுடைய பெயர்களைத் தேடும்போது அதிகமான தவறு நேர்வது இங்கேதான். நீதிமன்றத் தேடற்பக்கம் குடும்பப் பெயர், முதற்பெயர் என இரண்டு கட்டங்களைத் தரும். திருகோணமலையில் தந்தை பெயரை முன்னே வைத்து எழுதும் ஒருவருடைய சொந்தப் பெயர், அமெரிக்க ஏட்டில் குடும்பப் பெயராகவும் பதிந்திருக்கலாம், முதற்பெயராகவும் பதிந்திருக்கலாம். இரண்டு விதமாகவும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலும் அவ்வாறே: சிவநாதன் என்ற பெயரின் நடுவிலுள்ள ‘தா’வை ஒருவர் ‘டி, எச்’ சேர்த்து எழுதுவார், இன்னொருவர் ‘டி’ மட்டும் எழுதுவார். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலே முதலிடம் பெற வேண்டும். பல தேடற்பக்கங்களில் முதல் சில எழுத்துகளை மட்டும் கொடுத்து நட்சத்திரக் குறி இட்டால், அவ்வெழுத்துகளில் தொடங்கும் பெயர்கள் யாவும் வந்துவிடும். நீண்ட தமிழ்ப் பெயர்களுக்கு இது பெரிய உதவி. பிரசாவுரிமை பெறும் வேளையில் பெயரைச் சுருக்கிக்கொள்ள அமெரிக்கச் சட்டம் இடமளிப்பதால், அவர் முன்னர் பயன்படுத்திய பெயர்களையும் கேட்டறிவது நல்லது.

பெயர் பொருந்தினால் ஆள் பொருந்திவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். பிறந்த திகதியையும் ஒப்பிட வேண்டும். அமெரிக்க ஏடுகளில் மாதம் முன்னும் நாள் பின்னும் வரும். 03/07/1991 என்றிருந்தால், அது மார்ச் 7. நாம் வாசிக்கும் பழக்கப்படியான ஜூலை 3 அல்ல. ஒரே பெயருடைய இரண்டு பேரில் குற்றமற்றவர் மீது பழி விழுவதற்கு இந்த ஒரு தவறே போதும். திகதி காட்டப்படாவிட்டால் வழக்கேட்டினுள் இருக்கும் முறைப்பாட்டுப் பத்திரத்தைப் பார்க்க வேண்டும்.

சில கவுண்டிகளின் இணையத்தளங்கள் வெளிநாட்டு இணைப்புகளைத் தடுத்து வைத்திருப்பதுண்டு. சில, ஆவணங்களைத் திறப்பதற்கு இலவசப் பதிவொன்றைக் கேட்கும். திறக்க முடியாதபோது கிளார்க் அலுவலகத்துக்கு எழுதலாம், தொலைபேசியிலும் கேட்கலாம். ஹூஸ்டனில் காலை எட்டு மணியாகும்போது இங்கு, அவர்களுடைய கோடையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் இரவு ஏழரை.

கவுண்டியில் அகப்படாத இன்னொரு வகை வழக்கும் உண்டு. வரி மோசடி, வங்கி மோசடி, குடிவரவு ஆவண மோசடி போன்றவை சமஷ்டி நீதிமன்றங்களில் நடைபெறுபவை. அவற்றைப் பேசர் (PACER) என்னும், சமஷ்டி நீதிமன்றங்களின் இணையவழி வழக்கேட்டு அமைப்பில் நாடு முழுவதற்குமாகத் தேடலாம். பக்கமொன்றுக்கு 10 சதம், ஓர் ஆவணத்துக்கு உச்சமாக 3 டொலர்; ஒரு காலாண்டில் 30 டொலருக்கு மேற்படாவிட்டால் கட்டணம் அறவிடப்படுவதில்லை. பாலியல் குற்றவாளிகளின் பதிவேடுகளை நாடளாவிய ரீதியில் தேடும் இணையத்தளத்தை அமெரிக்க நீதித் திணைக்களம் இலவசமாக நடத்துகிறது. டெக்சாஸ் பொதுப் பாதுகாப்புத் திணைக்களம், அம்மாநிலம் முழுவதிலும் குற்றத்தீர்ப்புப் பெற்றவர்களைப் பெயரால் தேடும் வசதியைச் சிறு கட்டணத்துக்கு வழங்குகிறது. கடனட்டை இலக்கத்தைக் கேட்டு ‘எவருடைய முழு வரலாறும் ஒரு நொடியில்’ என்று விளம்பரம் செய்யும் தனியார் தளங்களை மட்டும் விட்டுவிடுங்கள். பழைய தரவைத் திரட்டி விற்கும் அவற்றில், தள்ளுபடியான வழக்கு இன்னும் நிலுவையிலிருப்பதாகக் காட்டப்படுவது சர்வசாதாரணம்.

இவ்வளவையும் சொன்ன பின் என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். தேடுவதற்கு முன்னர் மாப்பிள்ளையிடமே நேரே கேளுங்கள்: ‘உங்கள்மீது வழக்கு ஏதும் இருந்ததா தம்பி? இருந்தால் அதன் இலக்கத்தைத் தாருங்கள்.’ வழக்கு இலக்கம் கையிலிருந்தால் மேலே சொன்ன அலைச்சலில் முக்காற்பங்கு இல்லாமற் போகும். அவர் கேள்வியை எதிர்கொள்ளும் விதமும் உங்களுக்குத் தெரியவரும்.

கேள்வி: எங்கள் பிள்ளைக்குப் பார்த்த இடத்தில் இணையத்தில் தேடியபோது பையனுடைய பெயரில் ஒரு வழக்கு இருக்கிறது. முடிவு என்ற இடத்தில் ‘டிஸ்மிஸ்ட்’ என்று போட்டிருக்கிறது. வழக்குத் தள்ளுபடியாகிவிட்டதால் அவர் குற்றமற்றவர் என்று எடுத்துக்கொள்ளலாமா?
— பெண்ணின் சிறிய தாயார், உவர்மலை

பதில்: அவர் குற்றவாளியாகத் தீர்க்கப்படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் அந்த ஒரு சொல்லிலிருந்து எதையும் வருவித்துக்கொள்ள முடியாது. சாட்சியம் போதாமல் அரச தரப்பு கைவிட்ட வழக்கும் டிஸ்மிஸ்ட்; முறைப்பாட்டுக்காரர் சாட்சி சொல்ல மறுத்த வழக்கும் டிஸ்மிஸ்ட்; ஆள்மாறாட்டத்தால் தவறாகப் பிடிக்கப்பட்டவருடைய வழக்கும் டிஸ்மிஸ்ட்; விசாரணைக்கு முன்னரான திருத்தத் திட்டமொன்றைப் பூர்த்தி செய்தவருடைய வழக்கும் டிஸ்மிஸ்ட்தான்.

வழக்கேட்டைத் திறந்தால் ஒவ்வொரு தவணையிலும் என்ன நடந்ததென்று திகதி வாரியாக ஒரு நிரல் இருக்கும். முடிவை மட்டும் பாராமல் அந்த நிரலை மேலிருந்து கீழாக வாசியுங்கள். எந்தக் குற்றத்துக்கெனத் தொடங்கி எந்தக் குற்றமாகக் குறைக்கப்பட்டது, பிணையில் வரும்போது ‘முறைப்பாட்டுக்காரரை அணுகக் கூடாது’ என்ற நிபந்தனை இருந்ததா, நன்னடத்தை மேற்பார்வை என்ற பதிவு உண்டா என்பவை அங்கே தெரியும். டெக்சாஸில் ‘டிஃபெர்ட் அட்ஜுடிகேஷன்’ என்றொரு முறை இருக்கிறது. எதிரி குற்றத்தை ஒப்புக்கொள்கிறார், அல்லது மறுக்காது விடுகிறார். நீதிபதி குற்றத்தீர்ப்பை வழங்காமல் ஒத்திவைத்து அவரை மேற்பார்வையின்கீழ் விடுகிறார். அக்காலத்தை ஒழுங்காக முடித்தால் வழக்குத் தள்ளுபடியாகிறது. சட்டத்தின் கண்ணில் அது குற்றத்தீர்ப்பாகாது. பெண் வீட்டாருக்கு அது முக்கியமான தகவல் என்பதிலும் ஐயமில்லை.

எதுவுமே அகப்படாவிட்டாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். தகுதியுடைய சில வழக்குகளை நீதிமன்றக் கட்டளை பெற்று முற்றாக அழிக்கவோ பொதுமக்களின் பார்வையிலிருந்து மறைக்கவோ அங்கே சட்டம் இடமளிக்கிறது. சிறுவர் நீதிமன்ற ஏடுகள் பொதுவாகத் திறக்கப்படுவதே இல்லை. சட்டம் ஒருவருக்கு இரண்டாவது வாய்ப்பு வழங்கி மூடிய ஏட்டைத் துருவித் தேடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்குப் பதிலாக, அதே கவுண்டியின் குடும்ப வழக்குகளையும் ஒருமுறை பாருங்கள். திருமணம் பேசும்போது, பத்தாண்டுக்கு முந்திய வாகன வழக்கைவிட, சொல்லாமல் மறைத்த விவாகரத்து வழக்கு நமக்குத் தெரிய வேண்டிய விடயம்.

கேள்வி: எல்லா மாநிலங்களிலும் இதே நடைமுறைதானா?
— கல்லூரி மாணவர், நிலாவெளி

பதில்: இல்லை. விஸ்கொன்சின், மேரிலண்ட் போன்ற மாநிலங்களில் மாநிலம் முழுவதற்குமான இலவசத் தேடற்பக்கம் உண்டு. கவுண்டி தெரியாவிட்டாலும் தேடிவிடலாம். விஸ்கொன்சினில் வழக்கு இலக்கத்தின் நடுவில் வரும் எழுத்துகளே வழக்கின் வகையைச் சொல்லிவிடும்: ‘சி எஃப்’ என்றால் ஃபெலனி, ‘சி எம்’ என்றால் மிஸ்டிமீனர். நியூயோர்க்கின் இலவச இணையப்பக்கம் அடுத்த தவணை குறிக்கப்பட்ட வழக்குகளைக் காட்டும். முடிந்த வழக்குகளுக்கு, மாநில நீதிமன்ற நிருவாகத்திடம் 95 டொலர் கட்டி அறிக்கை பெற வேண்டும். கலிபோர்னியாவில் கவுண்டிதோறும் சுப்பீரியர் நீதிமன்றம் இருந்தாலும், குற்றவியல் வழக்குகளின் ஆவணங்களைப் பொதுமக்கள் வீட்டிலிருந்து திறக்க நீதிமன்ற விதிகள் இடமளிப்பதில்லை. நீதிமன்றத்துக்கே செல்ல வேண்டும். அதுமட்டுமன்றி, பொதுமக்கள் பிறந்த திகதியைக் கொண்டு அங்குள்ள வழக்குச் சுட்டியைத் தேடக் கூடாதென மேன்முறையீட்டு நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்திருப்பதால், பொதுவான பெயருடையவர்களை அடையாளம் காண்பது அங்கு கடினம்.

கேள்வி: லண்டனில் இருக்கும் ஒருவரைப் பற்றி ‘கவுண்டி கோர்ட்டில்’ தேடிப் பார்க்கும்படி அறிவுரை கூறினார்கள். எப்படித் தேடுவது?
— வாசகி, தம்பலகாமம்

பதில்: அமெரிக்க நடைமுறையை இங்கிலாந்தின் மேல் ஏற்றிச் சொல்லப்பட்ட அறிவுரை அது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கவுண்டி கோர்ட் என்பது கடன், வாடகை, ஒப்பந்தம் முதலிய குடியியல் வழக்குகளுக்கான நீதிமன்றம். குற்றவியல் வழக்குகள் மஜிஸ்திரேட் நீதிமன்றத்திலும் கிரவுண் நீதிமன்றத்திலும் நடைபெறுகின்றன. ஒருவருடைய குற்றத்தீர்ப்புகளைப் பெயரால் தேடிப் பார்க்கும் பொதுப் பதிவேடு அங்கே இல்லை. கட்டணம் செலுத்தித் தேடக்கூடியது, கடனைக் கட்டத் தவறியமைக்காக வழங்கப்பட்ட தீர்ப்புகளின் பதிவேடுதான். கடன் ஒரு மாதத்துக்குள் தீர்க்கப்படாவிட்டால் அப்பதிவு ஆறு ஆண்டுகள் அதில் நிற்கும். மாப்பிள்ளையின் கடன் நிலையை அறிய அது உதவும். குற்றவியல் விபரம் வேண்டுமென்றால், தம்மைப் பற்றிய சான்றிதழைத் தாமே விண்ணப்பித்துப் பெற்றுக் காட்டும்படி அவரைக் கேட்பதே வழி.

கேள்வி: தேடி எடுத்த வழக்குப் பக்கத்தைப் படம் பிடித்து ஊர் வட்ஸ்அப் குழுவில் போட்டால், மற்றப் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களும் அறிந்துகொள்வார்கள் அல்லவா?
— பெயர் குறிப்பிடாதவர், சாம்பல்தீவு

பதில்: போடாதீர்கள். பொது ஆவணம் என்பதனால், நீங்கள் அதற்கு எழுதும் விளக்கமும் உண்மையாகிவிடாது. முடிவடையாத வழக்கைக் காட்டி ஒருவரைக் குற்றவாளி என்று எழுதினால் அவதூறு வழக்குக்கு நீங்களே முகம் கொடுக்க நேரிடலாம். நமது அரசியலமைப்பின் 13(5)ஆம் உறுப்புரை, குற்றவாளியென நிரூபிக்கப்படும் வரை ஒவ்வொருவரும் சுத்தவாளியென ஊகிக்கப்பட வேண்டும் என்கிறது. ஆள் மாறிப்போயிருந்தால், அந்தப் படத்தை எத்தனை கைத்தொலைபேசிகளிலிருந்து உங்களால் திரும்பப் பெற முடியும்?

கேள்வி: பல வருடங்களுக்கு முன்னர் என்மீது திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு இருந்து, விடுதலையானேன். இப்பொழுது வெளிநாட்டு விசாவுக்கு அந்த வழக்கின் ஆவணத்தைக் கேட்கிறார்கள். நமது நீதிமன்ற ஏடுகளையும் இணையத்தில் எடுக்க முடியுமா? முடிந்த வழக்கை விண்ணப்பத்தில் சொல்லாமல் விட்டால் என்ன?
— வாசகர், கிண்ணியா

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: கேட்கப்பட்டிருந்தால் சொல்லாமல் விடக் கூடாது. அமெரிக்க விசாப் படிவம், மன்னிப்புப் பெற்றிருந்தாலும்கூட, எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா என்றே கேட்கிறது. விடுதலையான வழக்கு விளக்கக்கூடிய விடயம். மறைத்தது வெளிப்பட்டால் அந்த மறைப்பே விசா மறுக்கப்படக் காரணமாகும்.

உயர் நீதிமன்றத்தினதும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தினதும் தீர்ப்புகள் அவற்றின் இணையத்தளங்களில் வெளியாகின்றன. நீதவான் நீதிமன்ற வழக்குகளைப் பெயரைக் கொடுத்துத் தேடும் அத்தகைய வசதி நம்மிடம் இல்லை. அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரைப்படி வழக்கு விசாரணை பகிரங்கமாக நடைபெற வேண்டும். எவரும் போய் அமர்ந்து கேட்கலாம். ஆனால் வழக்கேட்டின் பிரதி என்று வரும்போது, அதனோடு தொடர்புடையவர் முறைப்படி விண்ணப்பித்தே பெற வேண்டியிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நீதிமன்றங்களையும் பகிரங்க அதிகாரசபைகளுள் அடக்கினாலும், பிறருடைய தனிப்பட்ட தகவலை மறுக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. உங்கள் சொந்த வழக்குக்கு அந்தச் சுற்றுவழி தேவையுமில்லை.

உங்கள் வழக்கு இலக்கத்தைத் தேடி எடுங்கள். பிணைப் பத்திரம், தவணைத் துண்டு, அன்று உங்களுக்காகத் தோன்றிய சட்டத்தரணியின் கோப்பு ஆகியவற்றில் ஏதாவதொன்றில் அது இருக்கும். ஒன்றுமே இல்லாவிட்டால், வழக்குத் தொடுத்த பொலிஸ் நிலையத்தின் பெயரையும், வழக்குத் தொடங்கிய ஆண்டையும், முறைப்பாட்டுத் திகதியையும் எழுதிக்கொண்டு போங்கள். பதிவேட்டறையில் தேடுபவருக்கு ஆண்டு தெரியாவிட்டால் எதுவும் செய்ய முடியாது. சம்பவம் மூதூர்ப் பக்கமோ கந்தளாய்ப் பக்கமோ நடந்திருந்தால், அவ்விடங்களின் நீதவான் நீதிமன்றங்களிலும் விசாரிக்க வேண்டிவரலாம். சட்டமா அதிபர் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்த வழக்காயின், இறுதித் தீர்ப்பு மாகாண மேல் நீதிமன்றத்தின் ஏட்டில் இருக்கும். நீதவான் நீதிமன்றத்தில் ஆரம்ப நடவடிக்கைகள் மட்டுமே கிடைக்கும்.

உறுதிப்படுத்தப்பட்ட பிரதி வேண்டுமென்று பதிவாளருக்கு விண்ணப்பம் கொடுங்கள். பழைய வழக்காயின் சட்டத்தரணி ஒருவர் மூலம் மோஷன் எனப்படும் மனுப் போட்டுப் பெறுவது இலகு. குற்றச்சாட்டுப் பத்திரம், இறுதிக் கட்டளை இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். கட்டளையில், நீங்கள் விசாரணை முடிவில் குற்றமற்றவரென விடுதலை செய்யப்பட்டீர்களா, இடையில் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டீர்களா என்பது தெளிவாக இருக்க வேண்டும். இவ்விரண்டும் ஒன்றல்ல என்பது விசா அதிகாரிகளுக்குத் தெரியும். பதிவாளரின் கையொப்பமும் நீதிமன்ற முத்திரையும் ஒவ்வொரு பக்கத்திலும் விழுந்திருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். பொலிஸ் நற்சான்றிதழ் இதிலிருந்து வேறானது. அதனைப் பொலிஸ் தலைமையகத்துக்கு இணையவழியில் நீங்களே விண்ணப்பித்துப் பெற வேண்டும். வழக்கேடு தமிழில் இருக்குமாதலால், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கில மொழிபெயர்ப்பையும் செய்வித்து, தமிழ்ப் பிரதியோடு இணைத்து அனுப்புங்கள்.